சிபி சேர்: ரெடிமேடா, அட்டையா, ஆசாரி செய்வதா?

எங்கள் பெண்ணுக்கு செரிப்ரல் பால்சி, சுருக்கமாக சிபி; மூளைப் பாதிப்பால் உடம்பின் அசைவும் நிலையும் கட்டுக்குள் இல்லாத நிலை. நாலு வயதில் அவளை நிமிர்ந்து உட்காரவைக்க நாற்காலி தேடியபோது மூன்று வழி இருந்தது: கடையில் விற்கும் சிபி சேர், அட்டையில் ஒட்டிச் செய்வது, தெரிந்த ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்யச் சொல்வது. கடைசியில் ஆசாரியிடம்தான் போனோம், அதனால் என் பேச்சும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ரெடிமேடில் சக்கரம் உண்டு, பார்க்கவும் நன்றாக இருக்கும். நாங்கள் பார்த்ததெல்லாம் சின்னது, பெரியது என்றுதான் வந்தது. இவள் இரண்டுக்கும் நடுவில்.

அட்டையா என்று சிரிக்க வேண்டாம். நியூயார்க்கில் அலெக்ஸ் ட்ரூஸ்டெல் என்பவர் மூன்றடுக்கு அட்டையில்தான் பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்துவந்தார், 2015இல் அமெரிக்காவின் பெரிய விருதான மக்ஆர்தர் ஃபெலோஷிப்பே அவருக்குக் கிடைத்தது. நாங்களும் ஃபிரிட்ஜ் பெட்டியை வெட்டி ஒன்று ஒட்டினோம். நாலு மாதம் தாங்கியது. மழைக்காலத்தை அது பார்க்கவில்லை, ஆகவே அட்டை எத்தனை நாள் உழைக்கும் என்பதில் என் சொல்லை நம்பி இறங்காதீர்கள். ஆனால் அளவு சரிபார்க்க அதைவிட மலிவான வழி இல்லை, அந்த அட்டையையே ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

எங்களுக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம், பிள்ளை வளரும். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் 90 டிகிரியில் இருக்கணும், இருக்கையின் விளிம்புக்கும் முட்டியின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேணும் என்பார் பிசியோ. கால் நீண்டதும் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். கால்பலகை உயரமாக நின்றுவிட்டால் முட்டி மேலே தூக்கும், இடுப்பு பின்னால் சாயும், முதுகு வளையும், அப்புறம் கொஞ்ச நேரத்தில் முழு உடம்பும் முன்னால் வழுக்கிவிடும். பெல்ட்டை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. அதனால் கால்பலகைக்கு ஒரு இஞ்ச் இடைவெளியில் ஓட்டை வரிசை, முதுகுப்பலகைக்கும் அதே மாதிரி முன்பின் நகர்த்த ஓட்டைகள், எல்லாம் ஒரே அளவு போல்ட். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன், 13ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். தொடைகளுக்கு நடுவில் வரும் கட்டையையும் கழற்றுகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் தூக்கி உட்காரவைக்கும்போது உங்கள் இடுப்பு போய்விடும்.

ஒரு தப்பு செய்தோம். இருக்கைக்குச் சாதாரண பிளை போட்டதில் கஞ்சியும் மூத்திரமும் இறங்கி உப்பிவிட்டது. ஈரம் தாங்கும் மரைன் பிளை போட்டு, மேலே ரெக்சின் ஒட்டுங்கள்.

கனம்தான் பெரிய குறை, ஒன்பது கிலோ. அடிக்கடி வெளியே போகிற வீடு என்றால் ரெடிமேட் பக்கம் யோசிக்கலாம். நாங்கள் ஊருக்குப் போனால் நாற்காலி வீட்டில், அவள் மடியில்.