பொம்பெய்யா, ஹெர்குலேனியமா?
இத்தாலியில இருக்கற நேப்பிள்ஸ்ல ஒரு நாள்தான் கையில இருக்குன்னா நான் ஹெர்குலேனியம்னுதான் சொல்லுவேன். ரெண்டுமே கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப புதைஞ்ச ஊருங்க, ஒரே லோக்கல் ட்ரெயின்ல ரெண்டுக்கும் போகலாம். பொம்பெய் பிரம்மாண்டம், சுமார் 66 ஹெக்டேர், கல் ரோட்டுல வண்டிச் சக்கரம் தேய்ச்ச பள்ளம் கூட அப்படியே இருக்கு, ஆனா நிழலே கிடையாது, கூட்டமும் ஜாஸ்தி, வெயில்ல பாதியிலேயே கால் ஓஞ்சிடும். ஹெர்குலேனியம் சின்னது, நிதானமா பாக்கலாம். அங்க சூடான எரிமலைச் சாம்பல் சுமார் 20 மீட்டர் மூடினதால மரமெல்லாம் கரியாகியே தங்கிடுச்சு, கதவு, உத்தரம், கட்டில்னு பாக்கறப்ப மனசு பதறும், அதுவும் பழைய கடற்கரைப் படகுக் கொட்டகையில தப்பிக்க ஒதுங்கின சுமார் 300 பேரோட எலும்புக்கூடு கிடைச்ச இடம் இருக்கே, அதைக் கண்டிப்பா பாருங்க. பெரிய தியேட்டர், ஃபோரம்னு சொல்ற பொதுச் சதுக்கம்லாம் வேணும்னா பொம்பெய்தான்.