மைக்செட்காரரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்

மாதாமாதம் கிண்டி பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் நாங்கள் நடத்தும் தொழில்நுட்பக் கூட்டத்தில், பேச்சுகளைப் பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. சொந்தமாக வாங்கியது, இரவல் வாங்கியது, வாடகைக்கு எடுத்தது என்று ஏகப்பட்ட கேமராவும் மைக்கும் கைமாறிவிட்டன. இப்போது என் பையில் நிலைத்திருப்பவை மூன்று நாலுதான். அவை ஏன் நிலைத்தன, மற்றவை ஏன் போயின என்று சொல்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு நண்பன் ஒருவன் கல்யாணங்களுக்கு எடுத்துப் போகிற டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கொண்டுவந்தான். படம் பிரமாதம். ஆனால் 29 நிமிடம் 59 நொடியில் அது தானாக நின்றுவிட்டது, நாங்கள் பின்னால் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐரோப்பாவில் 30 நிமிடமும் அதற்கு மேலும் பதிவு செய்கிற கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கவரி போட்டார்கள், அதிலிருந்து தப்பிக்கத்தான் ஸ்டில் கேமராக்களில் பல நிறுவனங்கள் இந்தப் பூட்டைப் போட்டன. அங்கே போட்ட வரிக்கு இங்கே பாதிப் பேச்சு போனது!

புதிதாக வருகிற மிரர்லெஸ் கேமராக்கள் (டிஎஸ்எல்ஆர் மாதிரியேதான், உள்ளே கண்ணாடி மட்டும் இருக்காது) பலவற்றில் இந்தப் பூட்டு இல்லை. 2021-இல் வந்த சோனி இசட்வி-ஈ10 அப்படித்தான், எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஓடும். இருந்தாலும் நான் அதை வாங்கவில்லை. அதோடு வரும் 16-50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக் கடைசி வரிசையிலிருந்து எடுத்தால் பேசுகிறவர் எறும்பாகத் தெரிவார், தூரத்துக்கு எட்டுகிற லென்ஸ் வாங்கப் போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும். நாள் முழுக்க ஓட்ட பேட்டரிக்குப் பதில் கரண்டில் ஓடுகிற ஏற்பாடு வேறு தேவை.

கடைசியில் எனக்குச் சரிப்பட்டது, எல்லாரும் பரணில் போட்டுவிட்ட ஹேண்டிகேம் என்கிற கையடக்க வீடியோ கேமராதான். செகண்ட் ஹேண்டில் கிடைத்த கேனன் லெக்ரியா எச்எஃப் ஆர்806. ஃபுல் எச்டி மட்டும்தான், 4கே கிடையாது, சென்சாரும் சின்னது, விளக்கை அணைத்தால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும். ஆனால் 32 மடங்கு ஆப்டிக்கல் ஜூம், சுவரில் சொருகிவிட்டால் நாள் முழுக்க ஓடும், வெளி மைக்குக்கு ஜாக் உண்டு. ஒரு பேச்சைப் பதிவு செய்ய இதற்கு மேல் என்ன வேண்டும்? பானாசோனிக் எச்சி-வி785-உம் இதே ஜாதிதான், அதில் 20 மடங்கு ஜூம். இரண்டில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இருக்கிற அத்தை மகனிடம் சொல்லி ஹேண்டிகேம் வரவழைக்காதீர்கள். அங்கே விற்பவை பெரும்பாலும் நொடிக்கு 30, 60 ஃப்ரேம் கணக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும், சில எல்இடி விளக்கிலும் அப்படித்தான். இங்கே விற்கும் மாடலில் 25 அல்லது 50 ஃப்ரேமில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் நிறுத்திவிட்டால் தொல்லை இல்லை. அப்புறம் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குகிற வெளிச்சத்தின் அளவை, ஆட்டோவில் விடாதீர்கள், வெள்ளை ஸ்லைடு வந்ததும் பேசுகிறவர் முகம் கறுத்துப் போகும். முகத்துக்கு வெளிச்சத்தைச் சரிபார்த்துப் பூட்டிவிடுங்கள், ஸ்லைடு வெளுத்துப் போனால் போகட்டும். பேசுகிறவரிடம் பிடிஎஃப் வாங்கி எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்ளலாம். வீடியோவை நேராகக் கணினிக்குள் வாங்குகிற கேப்சர் கார்டு வாங்கச் சொல்லி நிறைய பேர் சொல்வார்கள், நேரலை செய்யாதவர்களுக்கு அது தண்டச் செலவு.

சரி, ஒலிக்கு வருவோம், நான் அதிகம் அடிபட்டது இங்கேதான். கேமராவில் இருக்கிற மைக்கை நம்பினால் ஏசியின் இரைச்சல், பக்கத்து நாற்காலிக்காரரின் இருமல், இவற்றுக்குப் பின்னால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேச்சு கேட்கும். அதனால் அரங்கத்து மைக்குகளெல்லாம் வந்து சேருகிற மிக்சரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து நேராக ஹேண்டிகேமின் மைக் ஜாக்கில் சொருகினேன், பெரிய புத்திசாலி என்று நினைப்பு. வீட்டுக்கு வந்து கேட்டால் மொத்தமும் கரகரப்பு. மைக் ஜாக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட், மிக்சரின் லைன் அவுட் என்கிற வெளியீட்டுத் துளை தருவதோ ஏறக்குறைய ஒரு வோல்ட். அடுத்த மாதம் மைக்செட் அண்ணாவிடம் சொன்னதும் சிரித்தார். "தம்பி, கேமராவுல போடாத, தனியா ரெக்கார்டர் வெச்சு ரெக் அவுட்ல எடுத்துக்க."

ரெக் அவுட் என்பது மிக்சரில் பதிவுக்கென்றே இருக்கிற துளை. அன்றைக்கு வாங்கியதுதான் ஜூம் கம்பெனியின் எச்1என் ரெக்கார்டர். 2018-இல் வந்தது, உள்ளங்கையில் அடங்கும். லைன் சிக்னலைத் தாங்கும், குமிழைத் திருப்பி அளவை வைத்துக்கொள்ளலாம். இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் 10 மணி நேரம் என்று கம்பெனிக் கணக்கு, நான் பவர் பேங்கில் போட்டுவிடுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்கிற நல்ல தரத்தில் மணிக்கு ஒரு ஜிபிதான் ஆகும், 32 ஜிபி மைக்ரோ கார்டு வரை ஏற்கும், ஆக இடப் பஞ்சம் இல்லை. பிளாஸ்டிக் உடம்பு, கையில் பிடித்தால் உரசல் ஏறும், மேசையில் வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். தொடங்கும்போது ஒரு கைத்தட்டு தட்டினால் படத்தோடு பொருத்துவது சுலபம். ஒரு மணி நேரப் பேச்சில் கடைசிக்கு வரும்போது உதடும் ஒலியும் லேசாக விலகலாம், இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றில்லையே. இதன் அடுத்த தலைமுறை எச்1எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்டில் பதிகிறது, சத்தம் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் பிறகு சரிசெய்யலாம், அளவு வைக்கிற கவலையே குறையும். புதிதாக வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

மிக்சர் இல்லாத சின்ன அறைக்கு போயா பிஒய்-எம்1 காலர் மைக். 6 மீட்டர் ஒயர், உள்ளே எல்ஆர்44 பட்டன் பேட்டரி, விலையும் கையைக் கடிக்காது. ஃபோனில் சொருகினால் பேட்டரி வேலை இல்லை, கேமராவில் போட்டால் சுவிட்சை மாற்றவேண்டும், முடிந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும். தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்கு மூச்சு டக் டக்கென்று மைக்கில் மோதும்.

ஒயர்லெஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மலிவான ஒன்றை வாங்கி, அரங்கம் காலியாக இருக்கும்போது சோதித்து மகிழ்ந்தேன், 150 பேர் ஃபோனோடு வந்து உட்கார்ந்ததும் குரல் விட்டுவிட்டு வந்தது. வைஃபை ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தானே அதுவும் ஓடுகிறது. காசு இருந்தால் ரோட் வயர்லெஸ் கோ 2 பாருங்கள். அதுவும் அதே அலைதான், ஆனால் சட்டையில் குத்துகிற டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே ஒரு பதிவு ஓடும், அலை அறுந்தாலும் குரல் பத்திரம். ரோட் சென்ட்ரல் மென்பொருளில் அதை முன்கூட்டியே இயக்கி வைக்கவேண்டும்.

வாங்குகிற இடம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்தான், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும். ஒயரும் கன்வெர்ட்டரும் அள்ளலாம். மெமரி கார்டு மட்டும் உஷார். நான் ஒரு கடையில் வாங்கிய 128 ஜிபி கார்டில் உண்மையில் அதில் பாதி இடம்கூட இல்லை, எழுதுகிற மாதிரி நடித்துக்கொண்டே இருந்தது. இப்போதெல்லாம் வாங்கிய அன்றே, கார்டில் உண்மையில் எவ்வளவு இடம் என்று சோதிக்கிற எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டிப் பார்க்கிறேன், லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3.

இத்தனைக்குப் பிறகும் கூட்டத்திலிருந்து வருகிற கேள்விகளைப் பதிவு செய்ய எனக்கு வழி தெரியவில்லை. மைக் கைக்கு வருவதற்குள் நம் ஆட்கள் எழுந்து நின்று கேட்டே முடித்துவிடுகிறார்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்று பேசுகிறவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், அவரும் தலையாட்டுவார், மேடையில் மறந்துபோவார்.