கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்

எலும்பு முறிந்து உள்ளே ராடோ பிளேட்டோ வைத்திருக்கிறார்கள், தையல் போட்ட இடத்தில் இன்னும் கசிவு நிற்கவில்லை, ஆனாலும் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள் என்றால், கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி என் காலில் சீழ் பிடித்ததைத் தெரிந்துகொண்டே மறைத்தது. தெரிந்துகொண்டே என்று சொல்ல என்னிடம் காகிதம் இருக்கிறது.

கம்பெனி முடிந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது ஒரு வேன் இடித்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ கூப்பிட்டு வந்தது 108 இல்லை, தனியார் ஆம்புலன்ஸ். "ஜி.எச்.ல இந்நேரத்துக்கு டாக்டர் இருக்க மாட்டாங்க" என்று சொல்லி, டிரைவரே ஆஸ்பத்திரியையும் முடிவு செய்துவிட்டார். அங்கே வரவேற்பிலேயே 'நம்மைக் காக்கும் 48' போர்டு தொங்குகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும்; தொடங்கியபோதே ஒரு லட்ச ரூபாய் வரை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் போர்டைக் காட்டிக் கேட்டதற்கு, "அது அப்ரூவல் வர லேட்டாகும் சார், அட்வான்ஸ் கட்டினா இப்பவே தியேட்டர்" என்றார்கள். ரத்தம் கொட்டும்போது யார் வாதாடுவார்கள்? என் வளையல்கள் அன்று ராத்திரியே அடகுக்குப் போயின.

பணத்தை விடுங்கள். விஷயம் அதற்கப்புறம்தான்.

ராடு வைத்த சில நாளிலேயே சாயங்காலமானால் காய்ச்சல் வரும். கட்டு நனையும். கேட்டால் "ஓப்பன் காயம்மா, நீர் வரும், சகஜம்" என்பார்கள். மாத்திரை மாறும், நீர் நிற்காது. இதை முதலில் பிடித்தது டாக்டரோ நர்ஸோ இல்லை, என் மாமியார். ஒருநாள் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றவர், பஞ்சில் லேசாகப் பச்சை தட்டியிருப்பதைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தே பார்த்துவிட்டார். "கண்ணு, இது நல்ல புண்ணோட வாசமில்ல. அழுகுன பழமாட்ட இனிப்பா அடிக்குது" என்றார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமும் அதையே சொன்னார். அவர் சிரித்தார். "பாட்டி, நீங்க வெளியே உட்காருங்க."

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'காயம் ஆரோக்கியமாக உள்ளது' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் கசிவு நிற்கவில்லை. தையல் ஓரத்தில் சின்னதாக ஒரு துளை விழுந்து, அழுத்தினால் சீழ் வந்தது. ரிவ்யூவுக்குப் போகும்போதெல்லாம் கட்டுக்குப் பணம், புது மாத்திரைச் சீட்டு, அதே "சகஜம்". சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ராடை எடுத்துவிட்டுப் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள். எலும்பு வெளியே வந்து சீழ் பிடித்த காலை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்லவேளை, வீட்டில் யாரும் அசையவில்லை.

கடைசியில் கோவையில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த எலும்பு டாக்டர் காலைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "கல்ச்சர் ரிப்போர்ட் எங்கே?" சீழை ஆய்வகத்தில் வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கும் டெஸ்ட் அது. எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை என்றோம். "இத்தனை நாள் சீழ் வந்திருக்கு, எடுக்காமயா இருந்தாங்க?" என்றார்.

என் தம்பி அன்று ராத்திரி பில்லை வரி வரியாகப் படித்தான். நாலாவது பக்கத்தில், கையுறைக்கும் டிரிப் செட்டுக்கும் நடுவில், கல்ச்சர் டெஸ்டுக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். அதாவது எடுத்திருக்கிறார்கள். காசும் வாங்கியிருக்கிறார்கள். ரிப்போர்ட் மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை.

மறுநாள் போய்க் கேட்டான். லேப் டாக்டரைக் கேட்கச் சொன்னது, டாக்டர் ரெக்கார்ட்ஸ் பிரிவைக் கேட்கச் சொன்னார், ரெக்கார்ட்ஸ் பிரிவில் "பேஷன்ட்டுக்கு சம்மரி மட்டும்தான் குடுப்போம்" என்றார்கள். இது பொய். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில், நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் பாதுகாக்கவும் வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு, நான் கையெழுத்துப் போட்டு, தம்பி பெயருக்கு அனுமதியும் எழுதி ஒரு மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டதாகச் சீல் போட மறுத்தார்கள். சரி என்று ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்பினோம். அப்புறம்தான் கேஸ் ஷீட் வந்தது.

உள்ளே ரிப்போர்ட் இருந்தது. தேதி, நான் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தையது. கிருமி சூடோமோனாஸ். அது இருந்தால் கட்டில் பச்சை தட்டும், ஒருமாதிரி இனித்த வாடை அடிக்கும் என்று கோவை டாக்டர் சொன்னபோது மாமியாரைத்தான் திரும்பிப் பார்த்தோம். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கு எதிரிலும் 'எஸ்' அல்லது 'ஆர்' என்று போட்டிருப்பார்கள். 'எஸ்' என்றால் கிருமி அடங்கும். 'ஆர்' என்றால் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. எனக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரைக்கு எதிரில் இருந்தது 'ஆர்'. ஆய்வக அறிக்கை கோப்பில் இருக்க, வேலை செய்யாத மாத்திரையைக் கொடுத்து, சம்மரியில் 'ஆரோக்கியமாக உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். தொற்று யாருக்கும் வரலாம், எலும்பு வெளியே வந்த காயத்தில் அந்த ஆபத்து அதிகம், அதற்காக நான் அவர்கள் மேல் கோபப்படவில்லை. மறைத்ததற்குத்தான் இந்தப் பதிவு.

ராடின் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டுவிட்டால் மாத்திரை மட்டும் அதை அசைக்காது. ராடையே எடுக்க வேண்டும். எடுத்தார்கள். செத்துப்போன எலும்பையும் வெட்டி எடுத்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப இலிசராவ் வளையம் போட்டார்கள். காலைச் சுற்றி வளையங்கள், எலும்பின் ஊடே கம்பிகள். எலும்பின் நல்ல பகுதியில் வெட்டிவிட்டு, வெட்டிய துண்டை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நகர்த்துவார்கள். அது விட்டுப்போகும் இடத்தில் புது எலும்பு வளரும். அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரே மூச்சில் இல்லை, கால் மில்லிமீட்டராக நாலு தடவை. தம்பி போனில் அலாரம் வைத்து நட்டைத் திருகினான். ராத்திரி ஷிஃப்ட் நாளில் என் வீட்டுக்காரர். கம்பி நுழையும் துளைகளை மாமியார்தான் சுத்தம் செய்வார், டாக்டர் காட்டிக்கொடுத்தபடி, வேறு யாரையும் தொடவிட மாட்டார். பெட்பேன் எடுத்தது என் அம்மா. முதல் தடவை நான் கூச்சப்பட்டு அழுதபோது, "உனக்குத் துணி மாத்துனவதான நான்" என்று அதட்டினார்.

சோர்ந்து கிடந்த நாளில் தம்பி வாலெரி புருமெல் கதையைச் சொன்னான். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய சோவியத் வீரர். அடுத்த வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப்போனது. பல அறுவை சிகிச்சைகளுக்கு அப்புறம் சைபீரியாவில் குர்கான் என்ற ஊருக்குப் போய், இந்த வளையத்தைக் கண்டுபிடித்த இலிசராவிடமே சிகிச்சை பெற்று, மறுபடி தாண்டினாராம். நான் வாக்கரோடு பாத்ரூம் வரை போனால் போதும் என்றிருந்தேன். அது நடந்துவிட்டது. இப்போது வாசல் வரை போகிறேன்.

நடுவில் அந்த ஆஸ்பத்திரியின் பி.ஆர்.ஓ. வீட்டுக்கு வந்தார், பழப்பையோடு. மேற்கொண்டு ஆகும் சிகிச்சையை இலவசமாகச் செய்கிறோம், இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். சிகிச்சையில் முழுத் திருப்தி, எந்தப் புகாரும் இல்லை என்று அதில் இருந்தது. என் வீட்டுக்காரர் பழத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலைமையில் இருந்தால், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கல்ச்சர் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் நகல் வாங்குங்கள். உள்ளே வைத்த ராடு, பிளேட்டின் ஸ்டிக்கர் சம்மரியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; கழற்றும் டாக்டருக்கு எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிய வேண்டும். விபத்து என்றால், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது காயத்தைப் பற்றி எழுதி வைக்கும் ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர் நகலும் ஒரிஜினல் பில்களும் விபத்து இழப்பீட்டு வழக்குக்குத் தேவைப்படும், எதையும் இன்சூரன்ஸ்காரரிடம் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

நாங்கள் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு இருக்கிறது. பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாம் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

வழக்கு நடப்பதால் ஆஸ்பத்திரி பெயரை இங்கே எழுத முடியாது, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆவணங்கள் கேட்டு நாங்கள் எழுதிய மனுவின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், தம்பி அனுப்பி வைப்பான்.