ஆறு ஏழு லட்சத்துல பழைய செவன் சீட்டர்: இன்னோவாவா, எர்டிகாவா, இல்ல சைலோவா?

நம்ம டெல்டா பக்கம் யாரு வீட்ல பழைய செவன் சீட்டர் தேடினாலும் முதல்ல வாயில வர்ற பேரு இன்னோவாதான். குலதெய்வம் கோயிலு, கும்பகோணத்துல கல்யாணம், வேளாங்கண்ணி, திருநள்ளாறு, திருச்சி ஏர்போர்ட்ல சிங்கப்பூர்லேந்து வர்ற சித்தப்பாவ பெட்டியோட கூட்டிட்டு வர்றது, அப்பாயிய தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறதுன்னு ஒரு வீட்டுக்கு ஏழு பேர் உக்கார்ற வண்டிக்கு வேலை வந்துகிட்டேதான் இருக்கும். பட்ஜெட் கேட்டா பெரும்பாலும் ஆறுலேந்து ஏழு லட்சம். இந்தக் காசுக்கு எந்த வருஷத்து இன்னோவா வரும், எந்த வருஷத்து எர்டிகா வரும்னு பாக்காம, "இன்னோவா இஞ்சின் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடும்"ங்கிற ஒரே பேச்ச நம்பி அட்வான்ஸ் குடுத்துடறாங்க, அதுதான் எனக்கு ரொம்ப கவலை.

ஓடும், அது நெசந்தான். 2005ல குவாலிஸ்க்கு பதிலா வந்த அந்த 2.5 லிட்டர் டீசல் இஞ்சின், 2494 சிசி, ஏறக்குறைய 102 குதிரைசக்தி, பெருசா இழுக்காது ஆனா பதறாம ஓடும், லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி இரும்புச் சட்டத்து மேல பாடி உக்கார்ற வண்டி), பின்சக்கர டிரைவ், நம்ம ஊர் மெக்கானிக் யாரும் கைய வெக்க பயப்படாத வண்டி. ஆனா அஞ்சு லட்சம் ஓடறது ஆயிலு, ஃபில்டரு, டைமிங் பெல்ட் எல்லாம் நேரத்துக்கு மாத்துன வண்டி. நீங்க பாக்கப்போற வண்டி அதுவான்னு தெரியாது. அந்த இஞ்சின்ல வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட்டறதுக்கு செயின் கிடையாது, டைமிங் பெல்ட், ஒரு லட்சத்துலேந்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள்ள மாத்தியாகணும், மாத்தாம ஓட்டி ரோட்ல அறுந்துச்சுன்னா வால்வு பிஸ்டன்ல இடிச்சு ஹெட்ட கழட்ட வேண்டிய வேலை வந்துடும். "மாத்தியாச்சுங்க"ன்னு வாயால சொன்னா ஏத்துக்காதீங்க, பில் கேளுங்க, பில் இல்லேன்னா மாத்தலைன்னே வெச்சுகிட்டு அந்தச் செலவ வெலையில கழிங்க.

அடுத்தது டி போர்டு, அதாவது வாடகைக்கு ஓடுன வண்டி விஷயம். இன்னோவா நம்ம ஊர்ல டிராவல்ஸ்காரங்களோட வண்டி. மஞ்ச போர்டுல வருஷக்கணக்கா ஓடிட்டு, வெள்ள போர்டுக்கு மாத்தி, சீட் கவர் புதுசு போட்டு, பாலிஷ் அடிச்சு பழைய வண்டி விக்கற கன்சல்டிங்ல நிக்கும், மீட்டர்ல ஒரு லட்சத்து முப்பதாயிரம்னு இருக்கும். மீட்டர திருப்பறது ரொம்ப சுலபம், அதனால மீட்டர பாக்காதீங்க, கிளட்ச் பெடல் ரப்பரு, ஸ்டீயரிங் வழுவழுப்பு, டிரைவர் சீட்டோட வலது பக்க ஓரம் அமுங்கியிருக்கறது, இதெல்லாம் பாருங்க, ஆர்சியில முதல்ல எந்த கிளாஸ்ல பதிவாச்சுன்னு கேளுங்க, வண்டி நம்பர வெச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பழைய ஜாப் கார்டு கேட்டா எந்த மாசம் எத்தன கிலோமீட்டர்ல வந்துச்சுன்னு வரிசையா தெரிஞ்சிடும். காட்ட மாட்டேன்னா ஓனரையே கூட கூட்டிட்டுப் போங்க, நேர்மையா விக்கிறவரு வருவாரு.

இப்ப எர்டிகா. 2012 ஏப்ரல்ல வந்துச்சு, 1.4 பெட்ரோல், 1.3 டீசல் ரெண்டு இஞ்சின். அந்த 1.3 டீசல் ஸ்விஃப்ட்லயும் டிசையர்லயும் ஓடுன அதே ஃபியட் இஞ்சின், 1248 சிசி, எர்டிகாவுல 90 குதிரைசக்தி. இதுதான் எர்டிகாவோட பெரிய பலம்னு நான் நெனைக்கிறேன். ஏன்னா மன்னார்குடியில நின்னாலும் சரி சீர்காழியில நின்னாலும் சரி ஸ்விஃப்ட் டீசல பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருப்பாரு, ஸ்பேரும் அன்னைக்கே கிடைக்கும். டைமிங் செயின், பெல்ட் மாத்துற கதை இல்ல, ஆனா ஆயில் மாத்தாம இழுத்தடிச்ச வண்டியில செயின் லூசாகி காலையில முதல் ஸ்டார்ட்ல கடகடன்னு சத்தம் வரும், அத கேக்கத்தான் வண்டிய காலங்காத்தால போய்ப் பாக்கணும், போனவுடனே பானட்ட தொட்டுப் பாக்கணும், சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். இந்தச் சோதனை இன்னோவாவுக்கும் பொருந்தும். இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடிய திறந்து மேலாக்க வைங்க, மூடி துள்ளி புகையா வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, அப்படியே திரும்பி வந்துடுங்க.

எர்டிகாவுல குறை இல்லாமல்லாம் இல்ல. முதல் மாடல்ல மூணாவது வரிசைய நிமித்தி வெச்சா டிக்கி வெறும் 135 லிட்டர்தான், ஏர்போர்ட்லேந்து வர்ற ரெண்டு பெரிய பெட்டி உள்ள போகாது, மேல கேரியர் போட்டே ஆகணும். 2018 நவம்பர்ல வந்த ரெண்டாவது மாடல்ல 209 லிட்டர் ஆச்சு, கடைசி சீட்லயும் பெரியாளு ஓரளவு உக்காரலாம், ஆனா அது இந்த பட்ஜெட்ல வந்தா எதுக்கு இவ்வளவு கொறைச்சு தர்றாங்கன்னு ரெண்டு தடவ யோசிங்க. முழு லோடுல ரெண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு கீழ டீசல் எர்டிகா கொஞ்சம் திணறும். மலைப்பக்கம் அது தொந்தரவு. நம்ம பக்கம் திருச்சியிலேந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஏத்தமே இல்லாத சமதரை, பாலம் ஏறி எறங்கறதுதான் ஏத்தம், அதனால இந்தக் குறை டெல்டாக்காரங்களுக்கு பெருசா வலிக்காது. இன்னோவா 4585 மில்லிமீட்டர் நீளம், முதல் எர்டிகா 4265, ஒரு அடிக்கு மேல வித்தியாசம், கும்பகோணம் சந்துக்குள்ள கோயிலுக்குப் போயி வண்டிய திருப்பறப்ப இந்த ஒரு அடியோட அருமை தெரியும்.

முட்டி வலி இருக்கற பெரியவங்க வீட்ல இருந்தா இன்னொண்ணும் பாருங்க. இன்னோவா ஃபிரேம் வண்டி, கால தூக்கி ஏறணும், எர்டிகாவுல சீட் தாழ்வு, அப்பாயி அப்படியே உக்காந்து கால உள்ள எடுத்துக்கலாம். நடு சீட்டோட சொகுசுன்னு வந்தா இன்னோவாதான் மேல, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல, ராமேஸ்வரம் போயிட்டு வந்தாலும் முதுகு வலிக்காது, அக்னி நட்சத்திரத்துல கடைசி சீட் வரைக்கும் ஏசி போகும்.

இன்னோவா ஜெயிக்கிற இன்னொரு எடம் மழைக்காலம். ஐப்பசி கார்த்திகையில வாய்க்கா கரைமேல இருக்கற களிமண் பாதையில ஏழு பேர ஏத்திட்டுப் போனா வெயிட் பின்னாடி எறங்கும், பின்சக்கர டிரைவ்ங்கறதால இன்னோவாவும் சைலோவும் பிடிச்சுகிட்டு போயிடும், எர்டிகா முன்சக்கர டிரைவ், பின்னாடி லோடு ஏறினா முன்னாடி பிடிப்பு கொறைஞ்சு வழுக்கும். வீடு கொல்லைக்குள்ள இருக்கு, ரோட்லேந்து அரை கிலோமீட்டர் மண் பாதைன்னா இத லேசா எடுத்துக்காதீங்க. தார் ரோட்டு ஓரத்துல வீடுன்னா இது ஒரு பிரச்சனையே இல்ல.

செலவு கணக்கு போடுவோம். கம்பெனி சொன்ன மைலேஜ் எர்டிகா டீசலுக்கு 20.77, இன்னோவாவுக்கு 12.99. ரோட்ல எர்டிகா 18, இன்னோவா 12ன்னு வைங்க, வருஷம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுனா எர்டிகாவுக்கு 555 லிட்டர், இன்னோவாவுக்கு 833 லிட்டர், டீசல் 92 ரூபான்னு வெச்சா வருஷத்துக்கு 25,000 ரூபா சொச்சம் வித்தியாசம். டயரு, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் எல்லாமே இன்னோவாவுக்கு வெல கூட. வருஷத்துக்கு ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவீங்கன்னா டீசலே வேணாம், பெட்ரோல் எர்டிகா போதும், இன்ஜெக்டர் டர்போன்னு பெரிய செலவு வர்ற எடமே அதுல கிடையாது. சிஎன்ஜி மாட்டுனத பாத்தீங்கன்னா டிக்கியில சிலிண்டர் உக்காந்திருக்கும், லக்கேஜுக்கு எடம் போச்சு, ஆர்சியில சிஎன்ஜி ஏறியிருக்கான்னும் பாருங்க.

சைலோ 2009ல வந்து 2019 வாக்குல நின்னு போச்சு. இதே காசுக்கு ரொம்ப புது வருஷத்து வண்டியா கிடைக்கும், எடம் தாராளம், இஞ்சின் உறுதி, மஹிந்திரா ஸ்பேர் எங்கயும் கிடைக்கும். தொந்தரவு இஞ்சின சுத்தி இருக்கற விஷயத்துலதான், பவர் விண்டோ, சென்சாரு, புஷ்ஷு, உள்ள பிளாஸ்டிக் ஆட்டம்னு சின்னச் சின்னதா வேலை வெக்கும், வீட்ல வண்டி வேலை தெரிஞ்ச ஆளு இருந்தா தாராளமா வாங்கலாம், இல்லாட்டி வேணாம். ரெனால்ட் லாட்ஜி 2015ல வந்துச்சு, ஓட்டறதுக்கு நல்ல வண்டி, டஸ்டரோட 1.5 டீசல் இஞ்சின்தான், ஆனா இதுலயும் டைமிங் பெல்ட், கண்ணாடி பம்பர் லைட்டுன்னு ஒடைஞ்சா சாமான் வர்ற வரைக்கும் காத்துகிட்டு கெடக்கணும். டவேரா, என்ஜாய் ரெண்டுக்கும் 2017 கடைசியில செவர்லே கம்பெனியே இந்தியாவுல விக்கறத நிறுத்திட்டதால குடும்ப வண்டியா நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நம்ம பக்கத்துக்குன்னே உள்ள ஒரு வகை வண்டி இருக்கு, வெளிநாட்டுக்காரர் வண்டி. துபாய்லயோ சிங்கப்பூர்லயோ இருக்கறவரு லீவுக்கு வர்றப்ப ஓட்ட வாங்கி, மீதி நாளெல்லாம் போர்ட்டிகோவுல கவர் போட்டு நிக்கிறது, எட்டு வருஷத்துக்கு நாப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், அது பொய்யும் இல்ல. ஆனா நின்ன வண்டிக்கும் வியாதி வரும். டயர் பட்டன் புதுசாத் தெரியும், பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும் பாருங்க, 2317ன்னு இருந்தா 2017ல இருபத்திமூணாவது வாரம் செஞ்ச டயரு, ரப்பர் இறுகிப் போயிருக்கும், நாலையும் மாத்தற காச கழிச்சுக்கங்க. பேட்டரி போயிருக்கும், ஏசி கேஸ் எறங்கியிருக்கும், டேங்க்ல பழைய டீசல்ல தண்ணி சேந்திருக்கும். அதுக்கும் மேல எலி. அறுவடை சமயத்துல வைக்கோல் போர் பக்கத்துல நிக்கிற வண்டிக்குள்ள எலி பூந்து வயர கடிச்சு வெச்சிருக்கும், பானட்டுக்குள்ள இன்சுலேஷன் டேப் புதுசு புதுசா சுத்தியிருந்தா, டேஷ்போர்டுல செக் லைட் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா எலக்ட்ரீஷியன் இல்லாம முடிவெடுக்காதீங்க. இதெல்லாம் சரியா இருந்தா இந்த வகை எர்டிகாதான் இந்த பட்ஜெட்ல இருக்கறதுலயே நல்ல வாங்கல்.

கடலோர வண்டிக்கு அடிய பாக்கணும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துல நின்ன வண்டியில மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், லிஃப்ட்ல தூக்கிப் பாத்தா ஃபிரேமு, சைலன்சர் கிளாம்பு, பிரேக் பைப்பு எல்லாம் துரு. இன்னோவாவோ சைலோவோ ஃபிரேம்ல செதில் செதிலா துரு உதிந்தா வேண்டாம்னு எழுந்துடுங்க. வெள்ளத்துல நின்ன வண்டியும் சென்னையிலேந்து இங்க வருது, 2015லயும் 2023லயும் அங்க தண்ணி ஏறுனது எல்லாருக்கும் தெரியும். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, உள் மடிப்புல சேறு கறை இருந்தா அது குளிச்ச வண்டி, சீட்டுக்கு அடியில போல்ட் துரு, கார்ப்பெட்டுக்கு கீழ நாத்தம், இது மூணும் பொய் சொல்லாது.

காரைக்கால் பக்கத்துலயே இருக்கறதால பிஒய் 02 நம்பர் வண்டி வெல கொறைச்சலா வரும். அங்க ரோடு டாக்ஸ் கம்மி, அதான் காரணம். இங்க கொண்டு வந்து வருஷக்கணக்கா ஓட்டணும்னா அங்க ஆர்டிஓகிட்ட என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி, தமிழ்நாட்டு டாக்ஸ் கட்டி, நம்பர் மாத்தணும், பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளி மாநில நம்பர்ல வெச்சிருக்கக் கூடாது, அந்தச் செலவையும் சேத்துப் பாத்தா லாபம் கரைஞ்சு போயிடும். பதினஞ்சு வருஷத்த நெருங்குற இன்னோவான்னா ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரல்லேந்து ஃபீஸ் மட்டுமே 5,000 ரூபா, எஃப்சிக்கு (தகுதிச் சான்று) வண்டிய தயார் பண்ற டிங்கரிங் பெயிண்டிங் செலவு அதவிட கூட ஆகும். லோன் வண்டின்னா பேங்க் என்ஓசியும் கடன் முடிஞ்சதுன்னு காட்டற ஃபார்ம் 35ம் கைக்கு வராம முழுப்பணம் குடுக்காதீங்க, ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி நீங்களே ஆர்டிஓ ஆபீஸ் போயி பேர் மாத்துங்க, பதினாலு நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு கொண்டு வாங்க.

எந்த வண்டின்னு ஒரே வார்த்தையில கேட்டா, ஆறு பேர் குடும்பம், வருஷம் பத்தாயிரம் கிலோமீட்டர், தார் ரோட்டு வீடுன்னா 2014லேந்து 2016க்குள்ள வந்த, ஒரே ஓனர் ஓட்டுன எர்டிகா, கண்ண மூடிகிட்டு இல்ல, மேல சொன்னதெல்லாம் பாத்துட்டு. ஏழு பெரியவங்க எப்பவும் சேந்தே போவீங்க, தூரப் பயணம் நெறைய, பாதையும் மோசம்னா இன்னோவாதான். அப்படி இன்னோவா தேடறப்ப சொந்தத்துலயோ தெரிஞ்ச குடும்பத்துலயோ, டைமிங் பெல்ட் பில்லோட, மொதல்லேந்து வெள்ள போர்டுல ஓடுன வண்டி ஒண்ணு மாட்டுச்சுன்னா அம்பதாயிரம் கூடன்னு பேரம் பேசி விட்டுடாதீங்க, குடுத்து எடுத்துக்கங்க.