தெஸ்கத்லிபோகாவா, மிக்த்லான்தெகுத்லியா?

இருண்ட மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதைக்குப் பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களுடைய தெய்வம் ஒன்றைத் தேடினால் பாதாள அரசன் மிக்த்லான்தெகுத்லி உடனே கண்ணில் படுவார். 1994இல் மெக்சிகோ நகரில் கிடைத்த அவரது சுடுமண் சிலையில், விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் தொங்குகிறது. ஒன்பது அடுக்குப் பாதாளம், இறந்தவர்களின் நான்கு ஆண்டுப் பயணம் என்று களம் தயார். ஆனால் அவர் காத்திருப்பவர். கதையை நகர்த்த மாட்டார்.

இன்னொரு ஆஸ்டெக் தெய்வமான தெஸ்கத்லிபோகா அப்படியில்லை. பெயருக்கே 'புகையும் கண்ணாடி' என்று பொருள். ஆஸ்டெக் காலத்தில், அவருக்கான தோஷ்கத்ல் விழாவுக்காக ஓர் இளைஞன் ஓராண்டு அவராகவே வாழ்வான். மலர், புல்லாங்குழல், தெருவில் வணங்கும் மக்கள். கடைசி நாளில் கோயில் படியேறும்போது, தான் வாசித்த குழல்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போவான். உச்சியில் பலிக்கல். என் தேர்வு இவர்தான். முதல் குழல் உடையும் சத்தத்தில் கதையைத் தொடங்குவேன்.