பழைய ஃபிரிட்ஜ் பெட்டியில் குப்பி மீன் வளர்ப்பு: பல வருட அனுபவம், கொஞ்சம் கோபத்தோடு

"மக்கா, ஆக்கர் கடையில ஒரு ஃபிரிட்ஜ் பெட்டி கெடக்கு. அறுநூறு ரூவா சொல்லுதான். குப்பி விட எடுக்கட்டா?" என்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். ஆக்கர் கடை என்றால் பழைய சாமான் கடை. கேட்ட நேரம் சரியில்லை. என் பெட்டிக்கு அப்போதுதான் ஒட்டுவேலை முடிந்திருந்தது. பிசின் வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்தச் சூட்டில் அவனிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். ஆற அமர யோசித்து நியாயமாக எழுதுவோம் என்று உட்கார்ந்தால் இப்போதும் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. சரி, வருகிறபடியே எழுதுகிறேன்.

பெட்டி எப்படியிருக்கும் என்பது குப்பி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், கதவு கிடையாது, கம்ப்ரசர் கிடையாது, பின்பக்கக் கம்பிவலை கிடையாது. மல்லாக்கப் போட்டால் தொட்டி. கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ மொட்டைமாடிகளில் கிடக்கிறது. ஸ்டிக்கரில் 165 லிட்டர் என்று இருக்கும். அதை நம்பித் தண்ணீர்க் கணக்கும் மருந்துக் கணக்கும் போடாதீர்கள். கதவுத் தட்டுகள் இருந்த இடமும் அந்த 165-இல் சேர்த்தி. அதோடு விளிம்பில் நாலு விரல் விட்டுத்தான் நிரப்ப முடியும். வாளியால் அளந்து ஊற்றி, எத்தனை வாளி என்று சுவரில் எழுதி வைத்துக்கொள்வதுதான் சரியான வழி.

மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆக்கர் கடைக்காரருக்குக் கம்ப்ரசரிலும் செம்புக் குழாயிலும்தான் காசு. தகடும் ஃபோமும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் வெறும் பெட்டி அவருக்கு இடத்தை அடைக்கிற சனியன். முன்பெல்லாம் கொண்டுபோனால் போதும் என்று கொடுத்தார்கள். மீன் வளர்க்கத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தபிறகு அதற்கும் விலை வைத்துவிட்டார்கள்.

நான் இதற்குள் வந்தது ஓகிப் புயலுக்குப் பிறகு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி அடித்த காற்றில் ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சாய்ந்து, மின்கம்பங்களும் விழுந்து, மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததே, நினைவிருக்கும். அழகியமண்டபம் பக்கம் எங்கள் வீட்டிலும் அதே கதை. ஹாலில் வரிசையாக இருந்த கண்ணாடித் தொட்டிகள் எல்லாம் ஏர் பம்ப்பை நம்பியவை. மீனும் நெருக்கம். பம்ப் நின்றால் மீனுக்கு மூச்சுத் திணறும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறது. காற்றோட்டம் நின்றால் அதுவும் சாகத் தொடங்கும். பிறகு தண்ணீரே விஷம். கரண்ட் வந்தபோது வளர்க்க மீன் அதிகம் மிச்சமில்லை.

அதனால் பம்ப்பே வேண்டாத தொட்டி ஒன்று வேண்டும் என்று தேடினேன். இந்தப் பெட்டி அதைச் செய்துகாட்டியது. இதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. படுத்த பெட்டிக்கு நீர்ப்பரப்பு அகலம். மீனை அளவோடு விட்டு, பாதி இடத்துக்கு வேலம்பாசி என்கிற நீர்ச்செடியைப் போட்டுவிட்டால் காற்று தானாகக் கலந்துகொள்கிறது. இத்தனை வருடத்தில் இதற்கு ஒரு பிளக் பாயின்ட்கூடத் தேவைப்படவில்லை.

இன்னொன்று சூடு. குப்பிக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகம். பங்குனி, சித்திரையில் மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பில் மத்தியானம் கை வைத்தால் தண்ணீர் வெந்நீராக இருக்கும். அதன் பக்கத்திலேயே கிடக்கும் ஃபிரிட்ஜ் பெட்டியில் கை வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகாமல் இருக்கப் போட்ட ஃபோம், வெளியே இருக்கும் வெயில் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்கிறது. மேலே ஒரு பச்சை நிழல்வலை கட்டினால் போதும். மழைக்காலத்து ராத்திரிகளிலும் தண்ணீர் சட்டென்று குளிர்வதில்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் சட்டென்று குளிரும் தண்ணீரும் ஒரு காரணம். கண்ணாடித் தொட்டியில் வருடம் தவறாமல் வந்த அந்த நோயை இந்தப் பெட்டியில் நான் பார்த்ததில்லை.

டெங்கு சீசனில் வீடுவீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற அக்கா ஒருவர் மாடியேறிப் பெட்டியைப் பார்த்ததும், "அண்ணே, இதை முதல்ல கவுத்துப் போடுங்க" என்றார். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள் என்றேன். சுற்றிச் சுற்றி அடித்துப் பார்த்தார். ஒரு புழு இல்லை, எல்லாம் குப்பியின் வயிற்றில். கடைசியில் தன் வீட்டுத் தொட்டிக்கென்று ஒரு கவரில் மீன் வாங்கிக்கொண்டுதான் போனார்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இனி என் வயிற்றெரிச்சல்.

இந்தப் பெட்டியில் மீனைப் பக்கவாட்டில் பார்க்க முடியாது. இதைப் படித்துவிட்டு, அது தெரிந்ததுதானே என்று சிரிப்பீர்கள். எனக்கும் தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் தெரிவது வேறு, வருடக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்துவது வேறு. குப்பிக்கு இருக்கும் அழகெல்லாம் வாலில். மேலிருந்து பார்த்தால் அந்த வால் வெறும் கோடு. ஃபுல் ரெட் ரகமா, மாஸ்கோ ப்ளூ ரகமா என்பது முதுகைப் பார்த்து ஓரளவு தெரியும். வால் விசிறியாக விரிகிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா, டம்போ இயர் என்று விற்கிறார்களே, அந்தக் காதுத் துடுப்பு எவ்வளவு பெரிது, எதுவும் தெரியாது. போதாததற்கு உள்சுவர் வெள்ளை. வெள்ளைப் பின்னணியில் மீன் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும். சுவரில் பச்சைப்பாசி படிகிற வரைக்கும் காசு கொடுத்து வாங்கிய சிவப்பெல்லாம் வெளுத்த ஆரஞ்சாகத்தான் தெரியும்.

அழகு பார்க்க முடியவில்லை என்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். இனம் சுத்தமாக வைக்க நினைப்பவனுக்கு இது அதைவிடப் பெரிய தொல்லை. ஆண் குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்திலேயே அடிப்புறம் பின்பக்கத் துடுப்பு கூர்மையாகி நீளத் தொடங்கும். பெண்ணுக்கு அது முக்கோணமாகவே இருக்கும், வயிற்றின் பின்முனையில் கரும்புள்ளி விழும். நிறம் வருவதற்கு முன்னால் ஆணையும் பெண்ணையும் பிரிக்க இந்த இரண்டும்தான் அடையாளம். இரண்டும் மீனின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. பெட்டி காட்டுவது முதுகை. ஆகவே ஒவ்வொரு முறையும் வலையால் கோரி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, திரும்ப விட வேண்டும். பாசிக்குள் ஒளிந்துகொண்டவை வலையில் சிக்காது. கோரிய மீனும் பயத்தில் ஒரு நாள் தீனி எடுக்காது.

ஒரே ஒரு ஆண் குட்டி தப்பினால் போதும். பெண் குப்பி ஆணின் விந்தணுவை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும் சாதி. ஒருமுறை இணைந்துவிட்டால், பக்கத்தில் ஆணே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் அதே கலப்பில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். நான் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த ஃபுல் ரெட் வரிசை அப்படித்தான் போனது. பாசிக்கு அடியில் இருந்த ஒரு பயல் போதுமானவனாக இருந்தான். இப்போது பிறப்பவை எல்லாம் சாம்பல் உடம்பில் சிவப்பு அடித்த வால். "நல்லா பாத்திருந்தா நடந்திருக்காது" என்று வீட்டில் சொல்கிறார்கள். எதை வைத்துப் பார்க்கிறது? கண்ணாடித் தொட்டியில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. தப்பு பெட்டியின் மேல்தான்.

அந்தக் கோபத்தில்தான் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிற ஒருவர், "ஒரு நாள் வேலைதான் சார்" என்றார். கட்டர் வைத்துச் சுவரில் ஒரு நீள்சதுரம் அறுத்து, கண்ணாடி வைத்து, சிலிகான் அடித்துக் கொடுத்தார். முதல் சில நாட்கள் சொர்க்கம்தான். நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் தரையில் ஈரம்.

இங்கேதான் ஃபிரிட்ஜ் பெட்டியின் குணம் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிகான் கண்ணாடியில் கடித்துப் பிடிக்கும், வழவழப்பான பிளாஸ்டிக்கில் அந்தப் பிடி இருக்காது. தண்ணீரின் அழுத்தத்தில் பிளாஸ்டிக் சுவர் லேசாகப் பிதுங்கும், கண்ணாடி பிதுங்காது. இடையில் இருக்கும் சிலிகான் உரிந்துவிடும். சாதாரணத் தொட்டி ஒழுகினால் ஒழுகிற இடத்திலேயே தண்ணீர் தெரியும். இதில் தண்ணீர் இரண்டு சுவருக்கும் நடுவே ஃபோமுக்குள் இறங்கி, எங்கெங்கோ சுற்றி, சம்பந்தமே இல்லாத மூலையில் சொட்டும். அந்த மூலையைத்தான் அவர் வந்து வந்து அடைத்துவிட்டுப் போனார். கடைசியில் வெளித்தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து உப்பியது. ஈரம் காய்ந்த பகுதியில் ஃபோமைக் குடைந்து கட்டெறும்பு குடியேறியது.

பழுது தீர்ந்தது குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுவேலை செய்கிற ஒருவர் கையால். நம் மாவட்டத்தில் கடற்கரை ஊர்களில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் சொல்கிறேன், ஃபிரிட்ஜ் பெட்டி ஒழுகினால் நேராக இவர்களிடம் போங்கள். உள்சுவரைச் சொரசொரப்பாகத் தேய்த்து, ஃபைபர் மேட் விரித்து, ஹார்டனர் கலந்த ரெசினைப் பூசிக் கொடுத்தார். ஜன்னல் அதோடு மூடிப்போயிற்று. அந்த இடத்தில் மட்டும் வள்ளத்தின் அடிக்குப் போடுகிற கனம் போட்டிருக்கிறார், இனி இதைக் கடலில் இறக்கலாம். வேலை முடிந்து கை கழுவும்போது, "இந்தக் காசுக்குப் புது கண்ணாடித் தொட்டியே வாங்கியிருக்கலாமே அண்ணே" என்றார். பெட்டி, சிலிகான், ஜன்னல், ஃபைபர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

ஆக, நண்பனுக்கு என் பதில்: எடுக்காதே. சூடு தாங்குகிறது, கரண்ட் கேட்பதில்லை, மீன் நோயில்லாமல் பெருகுகிறது, எல்லாம் உண்மை. என் வீட்டில் இருக்கும் தொட்டிகளிலேயே மீன்கள் நன்றாக இருப்பது இதில்தான். இருந்தாலும் எடுக்காதே. மீன் வளர்ப்பது பார்ப்பதற்காக. முதுகை மட்டும் பார்க்க எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அடுத்த சித்திரையில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

வேண்டாம் என்றாலும் எடுக்கிறவர்கள் எடுக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சில விஷயங்கள். கம்ப்ரசரோடு பெட்டி கிடைத்தால் நீங்களே குழாயை அறுக்காதீர்கள். ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வாயு. மெக்கானிக் எடுத்துக் கொடுக்கட்டும். ஃப்ரீசர் தட்டையும் உள்ளே மிச்சமிருக்கும் செம்பையும் ஒரு துண்டு விடாமல் எடுத்துவிடுங்கள். செம்பு தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு ஆகாது, நத்தைக்கும் இறாலுக்கும் அறவே ஆகாது. லைட் இருந்த ஓட்டை, தெர்மோஸ்டாட் ஓட்டை, தட்டு தாங்கும் திருகு ஓட்டைகள், பின்னால் தண்ணீர் வடியும் ஓட்டை எல்லாவற்றையும் எம்-சீல் வைத்து அடைத்து, காய்ந்தபிறகு நிரப்பி, சில நாள் சும்மா போட்டுவிட்டுப் பிறகு மீன் விடுங்கள். ஃபைபர் ஒட்டினால் வாடை முழுசாகப் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். என் பெட்டி இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது, மீனெல்லாம் டப்பில்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் செம்மண் பூமியில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையாகவும் புளிப்புப் பக்கமாகவும் இருக்கும். குப்பிக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கினால் முதலில் மருந்து வாங்க ஓடாதீர்கள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைக் கழுவி, வலைப்பையில் கட்டி உள்ளே போடுங்கள், மெதுவாகக் கரைந்து சரிசெய்யும். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் இரண்டும் நமக்கு உண்டு என்பதால் வழிந்தோடக் குழாய் கட்டாயம். அதன் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாவிட்டால் குட்டிகள் மழையோடு முற்றத்துக்குப் போய்விடும். குளத்துப் பாசியை அப்படியே கொண்டுவந்து போட்டால் தும்பியின் புழுவும் கூடவே வரும். அது ஒன்று போதும், குட்டிகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிடும். பொட்டாசியம் பர்மாங்கனேட் வெளிர் ரோஸ் நிறத்தில் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, அலசிவிட்டுப் போடுங்கள்.

வாடை போனதும் என் பெட்டியில் பிளாட்டி மீன் விடப் போகிறேன். உருண்டை உடம்பு, முதுகிலிருந்து பார்த்தாலும் நிறம் தெரியும். கலந்துபோன குப்பிகள் டப்பில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வீட்டுத் தொட்டியில் கொசுவுக்கு விட வேண்டுமென்றால் காசில்லாமல் தருகிறேன். வள்ளியாற்றிலோ குளத்திலோ மட்டும் கொண்டு விடாதீர்கள். இது தென்னமெரிக்கப் பக்கத்து மீன். பெருகத் தொடங்கினால் நம்மூர்ச் சின்ன மீன்களின் தீனிக்கும் குஞ்சுகளுக்கும் வினை.