மருவுக்கு வார்ட் பெயின்ட்: பலன் உண்டு, அவசரம் ஆகாது

மருந்துக் கடையில் 'வார்ட் பெயின்ட்' என்று கேட்டால் எடுத்துத் தரும் சின்னக் குப்பி. சாலிசிலிக் அமிலம் 16.7%, லாக்டிக் அமிலம் 16.7%, இரண்டையும் தோலில் ஒட்டவைக்கும் கொலோடியன். வைரஸைக் கொல்லும் சரக்கு எதுவும் இதில் இல்லை. அப்படியும் மரு போகிறதென்றால் தோலின் அமைப்புதான் காரணம்.

மருவை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் முழுசாக இருக்கும் தோலைத் துளைக்காது. சிராய்ப்பு, வெடிப்பு வழியாக மேல்தோலின் அடியடுக்குச் செல்லில் புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. அந்தச் செல்கள் மேலே ஏற ஏற வைரஸும் பெருகி, உதிரும் செதிலோடு வெளியேறும். கீழே அடித்தளச் சவ்வைத் தாண்டி ரத்தத்தில் கலப்பதில்லை. மருவுக்கு 'வேர்' என்பதெல்லாம் சும்மா; தெரியும் கரும்புள்ளிகள் ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். நோய் மேல்தோலோடு நின்றுவிடுவதால், அந்த அடுக்கை உரித்தெடுக்கும் மருந்தே போதும்.

இரவில் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, வெளுத்த தோலை எமரி அட்டையால் (நகம் ராவும் சொரசொரப்பான அட்டை) தேய்த்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். சுற்றிலும் வாஸ்லின், மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. பல்குச்சி முனையால் வைத்தால் வழியாது. காய்ந்து வெள்ளைப் படலமாகட்டும். உள்ளங்காலென்றால் மேலே பிளாஸ்டர். மறுநாள் படலத்தை உரித்துவிட்டு மறுபடியும் இதே வேலை, 12 வாரம் வரை. இரண்டு வாரத்தில் கைவிடுபவர்கள்தான் 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள்.

கெடுவது பெரும்பாலும் தேய்ப்பதில்தான். ரத்தம் வரத் தேய்த்தாலோ, மருந்து பக்கத்துத் தோலில் வழிந்து புண்ணானாலோ, வைரஸுக்கு நாமே புது வாசல் திறந்துவிட்டோம். மருவை முடியால் கட்டி அறுப்பதிலும் இதே வம்பு. எமரி அட்டையை வேறு யாரும் தொடக் கூடாது. நல்ல தோலையும் அந்த அட்டையால் தேய்க்கக் கூடாது. எரிச்சல் கண்டால் சில நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

குப்பியில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: மூடி தளர்ந்தால் கொலோடியனில் உள்ள ஈதர் ஆவியாகி மருந்து பசையாகிவிடும். தீப்பற்றக் கூடியது, அடுப்பருகே வேண்டாம்.

உள்ளங்காலில் இருப்பது ஆணியா மருவா என்று முதலில் பாருங்கள். ஆணியின் மேல் தோல்ரேகை ஓடும், அழுத்தினால் வலிக்கும். மருவில் ரேகை அறுந்திருக்கும், பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும். முகம், பிறப்புறுப்பு, மச்சம், சர்க்கரை நோயாளியின் கால் என்றால் இந்தக் குப்பியை வாங்காமல் தோல் மருத்துவரிடமே போய்விடலாம்.